சக்கரத்தின் சாட்சி

மகிழுந்தின் முகப்புப் பலகையில் எரியும் ஒரு சிறு மஞ்சள் விளக்கைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று அன்பர் சிலர் வியக்கலாம். மொழி, சமயம், சமுதாயம் என எழுதுவதற்கு எத்தனையோ பொருள்கள் உள்ளன. அவற்றை எழுதத் தக்கோரும் நம்மிடையே உள்ளனர். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் நாள்தோறும் தம் உயிரையும் தம் பிள்ளைகளின் உயிரையும் நான்கு சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு போய்வருகின்றனர். அந்தச் சக்கரங்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது அரிது. பட்டறைக்காரர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி அறியாதவராய் நம்மில் பலர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஓடும் வண்டியை நிறுத்துவதற்குச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தால் போதும் என்றே பொதுவாக எண்ணுகிறோம். உண்மை சற்று வேறு. உருளுகின்ற சக்கரத்திற்குத்தான் சாலையின்மேல் நல்ல பிடி உண்டு. உருளாமல் இறுகிப்போன சக்கரம் சறுக்கத் தொடங்கிவிடும். சறுக்கும் முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தான் போகும் திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். ஓட்டுநர் திசைச்சக்கரத்தை முழுவதும் வளைத்திருப்பார். வண்டியோ நேராகச் சென்று மோதும். மழைநாளில் நம் நெடுஞ்சாலைகளில் இதைக் கண்ணால் கண்டவர் பலர் இருப்பர்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துப் பழைய இரயில்வே குடும்பங்களுக்கு இஃது அறியாத செய்தி அன்று. இன்று கே.எல். சென்ட்ரல் நிலையம் உயர்ந்து நிற்கும் இடம், 2001-இல் அந்நிலையம் திறக்கப்படுவதற்கு முன்னர், இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெருந்தளமாக இருந்தது. மலாயா இரயில்வேயில் பணியாற்றிய தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அதன் அருகிலேயே குடியிருந்தனர். நிறுத்துங்கட்டை அளவுக்கு மீறி அழுத்தி, இரும்புச் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தின்மேல் இழுபட்டால், இழுபட்ட இடம் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு அந்தப் பெட்டி ஓடும்போதெல்லாம் சுற்றுக்கு ஒருமுறை 'தட், தட்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். நீண்ட கைப்பிடியுள்ள சுத்தியலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லும் பணியாளர்கள் உலகின் பல இரயில்வேகளில் இருந்தனர். குற்றமற்ற சக்கரம் மணிபோல ஒலிக்கும். விரிசல் கண்டது மழுங்கிய ஓசை தரும். சுத்தியலின் வேலை சக்கரத்தைப் பேசவைப்பது மட்டுமே. பேசியதன் பொருளை அறிவது கேட்பவரின் காது.

இறுகாமல் நிறுத்தும் வித்தையை லோரி ஓட்டிய நம் பெரியவர்கள் கால்பழக்கமாகவே கற்றிருந்தனர். ஈரச் சாலையில் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்காதே, விட்டு விட்டு மிதி என்று இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தனர். ஆயினும் மனிதக் கால் வினாடிக்குச் சில முறைக்குமேல் அப்படி மிதிக்க இயலாது. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து இருப்பதும் ஒரே கால்தான். இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி முதலில் வானூர்திகளில் வெற்றி பெற்றது. ஈரமான ஓடுபாதையில் இறங்கும் வானூர்தியின் சக்கரம் இறுகாமல் காக்கும் 'மாக்சாரெட்' என்னும் பொறியை இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் 1950-களில் கொண்டுவந்தது. 1966-இல் ஜென்சன் எஃப்எஃப் என்னும் மகிழுந்தில் அது பொருத்தப்பட்டது. மின்னணு மூளையொன்று சக்கரங்களைக் கவனித்துத் தனித்தனியே ஆளும் இன்றைய முறையை, ஜெர்மனியின் போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனமும் 1978-இல் விற்பனைக்குக் கொணர்ந்தன. அதுவே நாம் இன்று ஏபிஎஸ் என்று அழைப்பது.

1985 ஜூலையில் நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது அதில் இப்படி ஒன்று இல்லை. அதற்குப் பின்னும் நெடுங்காலம் இது வசதியுள்ளோர் வண்டிக்கு உரிய அணிகலனாகவே கருதப்பட்டது. மிரோஸ் எனப்படும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமும் குளோபல் என்கேப் அமைப்பும் சேர்ந்து 2011-இல் ஆசியான் என்கேப் என்னும் வண்டிச் சோதனைத் திட்டத்தை ஏற்படுத்திய பிறகுதான், எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு வண்டி வாங்கும் வழக்கம் நம் நடுத்தரக் குடும்பங்களிலும் பரவியது. இன்று ஓர் இளம் ஆசிரியை வாங்கும் சிறிய வண்டியிலும் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு உணரிகள் இருக்கின்றன. பட்டறைகளில் இவற்றைச் 'சென்சர்' என்பார்கள்.

இவ்வுணரியின் வேலை மிக எளியது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வளையம் ஒன்று இருக்கும். பழைய முறையில் அது பற்கள் வெட்டிய இரும்பு வளையம். புதிய முறையில், வடக்கும் தெற்குமாகக் காந்த முனைகள் மாறி மாறிப் பதிந்த மெல்லிய வளையம். அதனைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், சுண்டுவிரல் நுனியளவான உணரி அசையாமல் நிற்கும். ஒவ்வொரு பல்லும் அல்லது ஒவ்வொரு காந்த இணையும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழும். கணக்கு விரும்பும் அன்பர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். சிறிய மகிழுந்தின் டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் உருளும் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 16.7 மீட்டர், அதாவது ஒன்பது சுற்றுக்குச் சற்றுக் குறைவு. வளையத்தில் 48 காந்த இணைகள் இருப்பின் வினாடிக்கு 420 துடிப்புகள். நான்கு சக்கரங்களும் இவ்வாறு ஓயாது சொல்லிக்கொண்டிருக்க, பெட்டிக்குள் இருக்கும் மின்னணு மூளை நான்கையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிரேக் மிதிக்கும்போது ஒரு சக்கரத்தின் துடிப்பு மட்டும் திடீரென்று வீழ்ந்தால், அது இறுகப்போகிறது என்று கண்டு, அந்தச் சக்கரத்திற்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தைத் தளர்த்தும். பிடி மீண்டதும் மறுபடி அழுத்தும். ஒரு வினாடிக்குள் இது பலமுறை நடக்கும். மிதிகட்டை காலின்கீழ் படபடவென்று அதிர்வது அப்போதுதான். அதற்கு அஞ்சிக் காலை எடுத்துவிடுவோர் உளர். எடுத்தலாகாது, அழுத்தியபடியே இருந்து வண்டியைத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

நான்கு சாட்சிகளுள் ஒன்று பேசாமற்போனால் மின்னணு மூளை என்ன செய்யும்? நம்பத்தகாத சாட்சியை வைத்துக்கொண்டு பிரேக்கில் கைவைப்பது ஆபத்து என்று, ஏபிஎஸ் முழுவதையும் நிறுத்திவிட்டு மஞ்சள் விளக்கை ஏற்றும். பிரேக் பிடிக்கும், ஆனால் ஏபிஎஸ் வருவதற்கு முன்பிருந்த பழைய பிரேக்காகப் பிடிக்கும். மஞ்சள் விளக்கோடு பிரேக்கின் சிவப்பு விளக்கும் சேர்ந்து எரிந்தால் செய்தி வேறு. அப்போது முன்பின் சக்கரங்களுக்கிடையே பிரேக்கைப் பங்கிடும் ஏற்பாடும் செயலிழந்திருக்கக்கூடும். எண்ணெயே குறைந்திருக்கவும் கூடும். அந்நிலையில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவதே முறை.

என் வண்டியில் எரிந்தது மஞ்சள் மட்டும். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல். கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நான்கு மணி மழை எப்படிப் பெய்யும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளோட்டிகள் மேம்பாலங்களின் அடியில் ஒதுங்கி நிற்பர். அவர்களுள் ஒருவர் மழையாடையை மாட்டிக்கொண்டு சாலைக்குத் திரும்பும் நொடியில், பின்னால் வருபவர் பிரேக்கையும் மிதித்து வண்டியையும் விலக்கியாக வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய இடங்கொடுப்பதே ஏபிஎஸ்ஸின் பயன். என்னோடு வண்டியில் வரும் ஆசிரியைகள் இருவர், அந்த விளக்கைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, இன்னும் எரியுதே?" என்று இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தனர்.

முதற்பட்டறையில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்தார்கள். எஞ்சின் கோளாறுகளின் குறியீடு 'பி' என்ற எழுத்தில் தொடங்கும். சக்கரம், பிரேக் முதலியவற்றின் குறியீடு 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். சி என்று தொடங்கிய எண் ஒன்று வந்தது. 'வலப்பக்க முன்சக்கர உணரி, துடிப்பு இல்லை' என்பது அதன் பொருள். உடனே புது உணரி ஒன்றை மாற்றி, குறியீட்டை அழித்து, விளக்கு அணைந்ததைக் காட்டிப் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். கடைவரிசையைத் தாண்டுமுன் விளக்கு மீண்டும் எரிந்தது. இரண்டாம் பட்டறையில், போட்ட உணரி மலிவுச் சரக்கு என்று கூறி, அசல் உணரி ஒன்றை வரவழைத்து மாற்றினர். மறுபடியும் விளக்கு. அதன்பின் ஏபிஎஸ் பம்பும் அதனோடு ஒட்டிய மின்னணு மூளையும் பழுது என்றும், இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். சொன்ன விலை, புதிதாகப் பணியில் சேர்ந்த ஓர் ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தை எட்டியது. "வேண்டாம்னா விடுங்க, பல்பைக் கழட்டிடலாம், பிரேக் எப்பவும் போலப் பிடிக்கும்" என்று இலவச யோசனை ஒன்றும் கிடைத்தது. வண்டியை வெளியே எடுத்து வந்துவிட்டேன்.

கிள்ளானில் மேரு சாலையை ஒட்டிய கடைவரிசை ஒன்றின் பின்புறத்தில், என் பழைய மாணவர் ஒருவர் சிறு பட்டறை வைத்திருக்கிறார். ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்த நாளில் அவருடைய தந்தையார் முகங்கவிழ்ந்து பள்ளி வாயிலில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் தேர்வே 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. மாணவர் தொழிற்பயிற்சி பெற்று, பிறரிடம் சில ஆண்டுகள் போர்மனாக வேலை பார்த்து, பின்னர் சொந்தமாகத் தொடங்கினார்.

அவர் கருவியைக் கையில் எடுக்கவில்லை. "சார், லைட்டு எப்போ வந்துச்சு? அதுக்கு முன்னாடி காடியில என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார். முந்தைய இரு பட்டறைகளிலும் இந்தக் கேள்வி எழவே இல்லை. வலப்பக்க முன்சக்கரத்தில் உறுமல் கேட்டதும், ஓரிடத்தில் அச்சுருளையை, அதாவது பேரிங்கை, மாற்றியதும், அன்று மாலையே விளக்கு வந்ததும் சொன்னேன். அடுத்து, "சாவியைத் திருப்பினதும் எரியுதா, ஓடினதுக்கப்புறம் எரியுதா?" என்றார். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் எரிந்து அணைவது வழக்கம். ஏபிஎஸ் விளக்கும் அவற்றோடு அணைந்துவிடுகிறது. நூறு மீட்டர் ஓடிய பிறகே திரும்ப எரிகிறது என்றேன்.

இந்த இரண்டாம் கேள்வியின் அருமையைப் பின்னர்தான் அவர் விளக்கினார். புதிய வகை உணரிக்கு மின்சாரத்தை மின்னணு மூளையே அனுப்புகிறது. கம்பி அறுந்திருந்தாலோ, இணைப்பான் கழன்றிருந்தாலோ, வண்டி நின்றபடி இருக்கும்போதே மூளைக்குத் தெரிந்துவிடும், விளக்கு அணையாது. நின்றிருக்கும்போது குறை காணாமல், ஓடியபின் குறை கண்டால், கம்பியும் மின்சாரமும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. மூன்று சக்கரங்கள் ஓடுகின்றன, ஒன்று மட்டும் நிற்பதாகச் சொல்கிறது என்ற முரண்பாட்டைக் கண்டுதான் மூளை விளக்கை ஏற்றியிருக்கிறது. ஒரு பைசாச் செலவில்லாமல், ஒரு திருகாணியைக் கழற்றாமல், பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிட்டது.

பின்னர்க் கருவியை மாட்டி, என்னைப் பக்கத்தில் அமர்த்தி, கடைவரிசையின் பின்சந்தில் மெல்ல ஓட்டினார். திரையில் நான்கு சக்கரங்களின் வேகமும் நான்கு எண்களாக ஓடின. மூன்று எண்கள் 18, 19, 20 என்று ஒன்றையொன்று தொடர்ந்து ஏறின. நான்காவது பூச்சியத்தை விட்டு நகரவில்லை. குறியீட்டைப் படிப்பதற்கும் இந்த நான்கு எண்களைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே கண்டேன். குறியீடு ஒரு தீர்ப்புப்போல் ஒலிக்கிறது. உண்மையில் அது புகார் மட்டுமே. எந்தத் திசையிலிருந்து செய்தி வரவில்லை என்று கூறுகிறதே ஒழிய, செய்தி கொண்டுவருபவன் செத்தானா, வழி அடைபட்டதா, சொல்ல வேண்டிய செய்தியே இல்லையா என்று கூறுவதில்லை.

வண்டியை உயர்த்திச் சக்கரத்தைக் கழற்றினார். கம்பி எங்கும் நசுங்கவில்லை, இணைப்பானில் பச்சைத் துரு இல்லை, மின்சாரம் வந்துகொண்டிருந்தது. உணரிக்குப் போகும் கம்பியின் இடையே ஓர் அளவுமானியைக் கோத்து, சக்கர அச்சைக் கையால் மெதுவாகச் சுழற்றச் சொன்னார். இவ்வகை உணரி, தன்முன் கடக்கும் காந்த முனைக்கேற்ப ஏறத்தாழ 7 மில்லியாம்பியருக்கும் 14 மில்லியாம்பியருக்கும் இடையே மாறி மாறி மின்னோட்டத்தை இழுக்கும். இடப்பக்கச் சக்கரத்தில் அளவுமானி அவ்வாறே ஏழும் பதினான்குமாகத் துள்ளியது. வலப்பக்கத்தில் அசையாமல் நின்றது. சிறு காந்தம் ஒன்றை எடுத்து, வலப்பக்க உணரியை வெளியே இழுத்து அதன் முகத்திற்கு எதிரே புரட்டிப் புரட்டிக் காட்டினார். உடனே ஏழும் பதினான்கும். "சென்சருக்கு ஒண்ணுமில்ல சார். இதுக்கு முன்னாடி கழட்டினதும் நல்லதாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

இவ்விடத்தில், தாமே செய்து பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். பழைய வகை உணரிக்குள் காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே உண்டு. அதனைக் கழற்றி ஓம்மானியால் அளக்கலாம். வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும், பெரும்பாலும் ஆயிரம் ஓம் என்னும் அளவை ஒட்டிய ஓர் எண் வரும். எண்ணே வராவிடில் சுருள் அறுந்தது என்று கொள்ளலாம். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறிதளவு மாறுதிசை மின்னழுத்தம் எழுவதையும் காணலாம். புதிய வகைக்கு இந்தச் சோதனை ஆகாது. அதற்குள் மின்னணுச் சில்லு இருப்பதால் ஓம்மானி காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை. சில வேளை அளப்பதே உணரிக்குக் கேடாகும். எந்த வகை என்று அறியாமல் மானியை வைப்பது, நோயாளியின் வயதை அறியாமல் மருந்து கொடுப்பது போன்றது.

எனக்கோ என் தொழில் நினைவு வந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குறைநீக்கற் போதனை என்று ஒரு பாடம் உண்டு. மாணவன் எங்கே தவறுகிறான் என்பதைக் கண்டறியும் சோதனை ஒன்று. ஏன் தவறுகிறான் என்று தேடுவது மற்றொன்று. இரண்டாவதற்குத்தான் நேரம் பிடிக்கும். வாசிப்பில் மதிப்பெண் பெறாத பிள்ளைக்கு மேலும் மேலும் வாசிப்புப் பயிற்சி கொடுப்போம். கரும்பலகையே அவனுக்குத் தெரியவில்லை என்பது, யாராவது அவனை முன்வரிசைக்கு மாற்றும்வரை தெரியாது. நல்ல உணரிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிய பட்டறைகளை நான் குறைகூறினால், மதிப்பெண் பட்டியலைப் பார்த்ததுமே வகுப்பு மாற்றிப் போடும் பள்ளிகளையும் சேர்த்துத்தான் கூற வேண்டும்.

உணரியும் கம்பியும் நலம் என்றால் எஞ்சியது வளையம். இவ்வகை வண்டியில் காந்த வளையம் தனியாக இல்லை. அச்சுருளையின் ஒரு பக்கத்து மூடியிலேயே அது பதிந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டு பக்கங்களும் ஒன்றுபோலவே தோன்றும். மாணவர் தம் அடுக்கிலிருந்து புதிய அச்சுருளை ஒன்றை எடுத்துவந்தார். கடைசற்பொறியின் அடியிலிருந்து சிறிது இரும்புத் தூளை அள்ளி, ஒரு காகிதத்தில் பரப்பி, காகிதத்தை அச்சுருளையின் ஒரு முகத்தின்மேல் வைத்துத் தட்டினார். தூள் அசைந்து, சூரியகாந்திப் பூவின் இதழ்கள்போல வட்டமாக வரிவரியாக நின்றது. மறுமுகத்தில் வைத்துத் தட்டியபோது வெறுமனே பரவிக் கிடந்தது. "நாலாம் ஆண்டுல நீங்க காட்டினதுதான் சார்" என்று சிரித்தார். அந்தப் பாடத்தை நான் நடத்திய காலத்தில், அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்ற திட்டம் 2003-இல் தொடங்கித் தமிழ்ப்பள்ளிகளிலும் நடைமுறையில் இருந்தது. காந்தத்தின் இருமுனைகளை எந்த மொழியில் சொல்வது என்று தடுமாறிய வகுப்புகளுள் அவருடைய வகுப்பும் ஒன்று. இரும்புத் தூளுக்கு மொழி தேவைப்படவில்லை போலும்.

உணரி நுழையும் துளையின் வழியே விளக்கடித்துப் பார்த்தோம். கரும்பழுப்பு நிறத்தில் தெரிய வேண்டிய வளையம் தெரியவில்லை. வெற்று உலோகமே மின்னியது. அச்சுருளையை மாற்றியவர்கள் அதனைத் திருப்பி அழுத்தியிருக்கின்றனர். காந்த முகம் வெளிப்பக்கம் போய்விட்டது. சக்கரம் நன்றாகவே சுழலும்; உறுமலும் இல்லை; வேலை முடிந்தது என்று எவரும் நினைப்பர். உணரி மட்டும், பேசாத ஒரு தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதற்கு எத்தனை உணரி மாற்றினாலும் என்ன பயன்? பம்பை மாற்றியிருந்தாலும் அந்த நூறாவது மீட்டரில் விளக்கு எரிந்தே இருக்கும்.

அச்சுருளையை வெளியே தள்ளும்போது உட்குண்டுகளும் அவை ஓடும் தடமும் வடுப்படும் என்பதால், கழற்றியதையே திருப்பிப் போடும் வழக்கம் நல்ல பட்டறைகளில் இல்லை. புதியது ஒன்றை அழுத்தும் பொறியில் வைத்து ஏற்ற ஒரு மணி நேரமாயிற்று. அதுவரை நாற்காலி போட்டு அமர்ந்து, அவர் கண்ட வேறு வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிதவேகத்தில் எந்தக் குறையும் இல்லாமல், சமிக்ஞை விளக்கருகே வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் மட்டும் மிதிகட்டை படபடவென்று அதிரும் வண்டி ஒன்று. விளக்கு எதுவும் எரியவில்லை. பல்வளையத்தில் ஒரு விரிசல். வேகம் குறையும்போது அந்த இடத்தில் துடிப்பு அறுபடவே, சக்கரம் இறுகிவிட்டது என்று மூளை ஏமாந்து பிரேக்கைத் தளர்த்தியிருக்கிறது. காய்ந்த சாலையில், நிற்க வேண்டிய இடத்தில், பிரேக் தளர்வது எத்தகைய ஆபத்து! விளக்கு எரிவது தொல்லை என்று நினைக்கிறோம். எரியாமல் நேரும் குறைகளும் உண்டு.

அவர் மிகுதியாகக் கண்டவை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள். 2021 டிசம்பர் மாதத்து வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் வட்டாரத்துக் குடியிருப்புகளும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. கூரைவரை நீரில் நின்ற வண்டிகளைக் கழுவி, இருக்கைகளைக் காயவைத்து, மீண்டும் ஓட்டியவர்கள் பலர், விற்றவர்களும் உண்டு. சேற்றுநீர் இணைப்பான்களுக்குள் புகுந்து, பல மாதங்கள் கழித்துச் செம்பைப் பச்சையாக அரித்துவிடுகிறது. அப்போது எரியும் விளக்கை வெள்ளத்தோடு எவரும் தொடர்புபடுத்துவதில்லை. அந்த வண்டிகளில் பெரும்பாலும் உணரி நலமாகவே இருக்கும்; இணைப்பானைச் சுரண்டித் துடைத்து, அல்லது கம்பியின் கடைசிச் சாண் நீளத்தைப் புதுப்பித்து அனுப்பிவிடுவாராம். பழைய வண்டி வாங்குவோர்க்கு அவர் சொல்லும் சோதனையும் எளியது. சாவியைத் திருப்பும்போது ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையெனில், யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள். வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டி, அது அணையும்போது இதுவும் அணையும்படி செய்துவைப்பவர்களும் உண்டு என்றார். ஆகவே ஓட்டிப் பார்க்காமல் வாங்கலாகாது.

வேலை முடிந்ததும் மறுபடி நான்கு எண்களைப் பார்த்தோம். இம்முறை நான்கும் ஒன்றாக ஏறின. அத்துடன் நிறுத்தவில்லை அவர். ஆளரவமற்ற ஒரு தொழிற்பேட்டைச் சாலைக்குக் கொண்டுபோய், பின்னால் எவரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஈரமாய்க் கிடந்த இடத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கை முழுமையாக மிதித்தார். மிதிகட்டை அதிர, வண்டி நேராக நின்றது. திசைச்சக்கரத்தைச் சற்றே திருப்பி மறுமுறை மிதித்தபோது, சொன்ன பக்கம் திரும்பியபடியே நின்றது. குறியீட்டை அழித்ததை வேலை முடிந்ததாகக் கொண்ட பட்டறைகள் இதற்கு முன் இரண்டு. சாலையில் மிதித்துப் பார்த்தது இதுவே முதன்முறை.

கூலி கேட்டபோது அச்சுருளையின் விலையையும் அழுத்துகூலியையும் மட்டுமே சொன்னார். கண்டறிந்ததற்கு? அதற்குத் தனியாக வாங்குவது வழக்கமில்லை என்றார். கேட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்கின்றனராம். பொருளை மாற்றினால்தான் நம்மவர் பணம் கொடுப்பர். பொருள் நலம் என்று கண்டு சொன்னால் கொடுக்க மனம் வராது. பட்டறைகள் பொருள் பொருளாக மாற்றிக்கொண்டே போவதற்கு வாடிக்கையாளரின் இந்த மனப்பான்மையும் பாதிக் காரணம் என்றே எனக்குப் படுகிறது. அரை நாள் அறிவுக்கு உரிய கூலியை வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டிற்கு வந்து பற்றுச்சீட்டைக் கோப்பில் வைக்கும்போதுதான் அதன் பின்பக்கத்தைக் கண்டேன். தேதியும், வண்டி ஓடிய கிலோமீட்டரும் எழுதி, அடுத்த முறை அந்த அச்சுருளையை மாற்றப்போகும் யாரோ ஒருவருக்காக, கீழே எண்ணெய்க் கறை படிந்த பெரிய தமிழ் எழுத்துகளில் குறித்திருந்தார்: 'காந்தப் பக்கம் உள்ளே.' அதனடியில் மலாயிலும் அதையே எழுதியிருந்தார்.